காற்றடி காலத்தில் கூடாரமும் முன்பந்தலும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கூடாரம் பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். அவற்றுள் பெரும்பாலானவை ஒரே பொருளைத்தான் கேட்கின்றன: குடும்பக் கூடாரத்தின் வாசலில் நீட்டிக் கட்டும் முன்பந்தல் நம் பக்கத்து ஆனி, ஆடிக் காற்றுக்குத் தாங்குமா என்பதே அது. முதல் கடிதத்திற்கான பதில் சற்று நீளமானது. மற்றவற்றுக்கு அதுவே அடிப்படை என்பதால் அதை முழுமையாகப் படித்துவிட்டு மேலே செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். ஆறு பேர் படுக்கக்கூடிய கூடாரம் ஒன்றும், அதன் வாசலில் ஜிப் வைத்து இணைக்கும் முன்பந்தல் ஒன்றும் வாங்கியிருக்கிறோம். ஆடி மாதத்தில் தென்காசியை ஒட்டிய இலஞ்சிக்கு அருகே என் மைத்துனரின் தோட்டத்தில் இரண்டு இரவு தங்க நினைக்கிறோம். எங்கள் ஆச்சியும் இரண்டு பிள்ளைகளும் உடன் வருகிறார்கள். மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று பலமாக இருக்கும், முன்பந்தல் வேண்டாம் என்று மைத்துனர் சொல்கிறார். ஆச்சி உட்கார நிழல் வேண்டுமே என்பது என் மனைவியின் கவலை. போடலாமா, கூடாதா? (பாளையங்கோட்டை வாசகர்)

பதில்: போடலாம். ஆனால் அதைக் கூடாரத்தின் இன்னோர் அறையாகக் கருதாமல், காற்று வலுத்தால் முதலில் கழற்ற வேண்டிய நிழலாகக் கருதிப் போடுங்கள். எப்போது கழற்றுவது என்பதையும் புறப்படுவதற்கு முன்பே வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள். காற்று அடித்துக்கொண்டிருக்கும்போது அந்த முடிவை எடுக்க முற்பட்டால், இன்னும் சிறிது நேரம் பார்ப்போம் என்று ஒருவர் சொல்ல, அதற்குள் கம்பி முறிந்துவிடும்.

உங்கள் மைத்துனரின் அச்சம் நியாயமானது. தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்து நிற்கிறது என்றாலும், செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவிலும் தெற்கே ஆரல்வாய்மொழியிலும் மலைத்தொடரில் கணவாய்கள் இருக்கின்றன. மற்ற இடங்களில் தடைபட்ட காற்று இந்த இடைவெளிகளில் நெருக்கியடித்து நுழைவதால் வேகம் கூடி, கிழக்கே சமவெளியில் பாய்கிறது. முப்பந்தலிலும் பணகுடியிலும் கயத்தாற்றிலும் சுரண்டைப் பக்கத்திலும் காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்பதற்குக் காரணம் இதுதான். ஆண்டு முழுவதும் கிடைக்கும் காற்று மின்சாரத்தில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையான மாதங்களில்தான் வருகிறது. நீங்கள் கூடாரம் அடிக்கப்போவதும் அதே மாதங்களில்தான்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தரும் அழுத்தம் நான்கு மடங்காகிறது. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகிறது. உங்கள் முன்பந்தலின் முகப்பு 3 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நேராக வீசும் காற்று அந்த 6 சதுர மீட்டர் துணியின்மீது ஏறத்தாழ 12 கிலோ எடைக்குச் சமமான விசையைச் செலுத்தும். வேகம் 40 கிலோமீட்டர் ஆகும்போது அது ஏறத்தாழ 46 கிலோவாகவும், 60 கிலோமீட்டர் ஆகும்போது நூறு கிலோவுக்கு மேலாகவும் உயர்ந்துவிடும். மாலையில் காற்று சற்றுக் கூடியிருக்கிறது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். முளையும் கயிறும் தையலும் அந்தச் சிறிது கூடுதலை அப்படி உணர்வதில்லை.

வானிலை அறிக்கையில் மன்னார் வளைகுடாப் பகுதிக்குச் சூறாவளிக் காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும் என்று அடிக்கடி கேட்கிறோம். கூடாரம் அடிப்பவர்கள் கவனிக்க வேண்டியது இறுதியில் வரும் அந்த ‘இடையிடையே’ என்ற எண்ணைத்தான். சீராக வீசும் காற்றுக்குத் துணி ஒருவாறு பழகி நிற்கும். திடீரென வந்து மோதும் வீச்சுதான் கம்பியை முறிக்கிறது, முளையைப் பிடுங்குகிறது. காற்று வேகம் வழக்கமாகத் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் அளக்கப்படுவதால் கூடாரத்தின் உயரத்தில் சராசரி வேகம் குறைவாக இருக்கலாம். ஆனால் மரங்களுக்கும் வீடுகளுக்கும் நடுவே வரும் காற்று திணறித் திணறி வீசுமாதலால், அந்தக் குறைவை நம்பி இருந்துவிட இயலாது.

கையில் காற்றுமானி இல்லாதவர்களுக்கு, 1805-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபர்ட் வகுத்த அளவுகோல் இன்றும் உதவுகிறது. இலை அடர்ந்த சிறு மரங்கள் முழுவதுமாக ஆடத் தொடங்கினால் காற்று மணிக்கு 29 முதல் 38 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. பெரிய கிளைகள் அசைந்து, மின்கம்பிகள் சீழ்க்கையடித்து, குடை பிடிப்பது கடினமானால் அது 39 முதல் 49 கிலோமீட்டர். என் பரிந்துரை என்னவென்றால், தோட்டத்து வேம்போ கொய்யாவோ முழுமையாக ஆடத் தொடங்கியதுமே முன்பந்தலைக் கழற்றிவிடுங்கள். மின்கம்பி சீழ்க்கையடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். சில நிறுவனங்கள் தங்கள் கூடாரம் எவ்வளவு வேகத்தைத் தாங்கும் என்று அட்டையில் அச்சிட்டிருக்கும். அது பெரும்பாலும் எல்லாக் கயிறுகளும் கட்டி நிற்கும் கூடாரத்துக்கு உரியதேயன்றி, வாசலில் நீட்டிக்கொண்டிருக்கும் பந்தலுக்கு உரியதன்று.

இனி, கூடாரத்தை அமைக்கும் திசை. ஆடியில் கூடாரத்தின் தாழ்ந்த, குறுகிய பின்புறம் மேற்கைப் பார்த்திருக்க, முன்பந்தல் கிழக்கே மறைவில் நீள வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வடகிழக்கிலிருந்து வருவதால் இந்த அமைப்பு அப்படியே தலைகீழாக மாறும். ஆடியில் நன்றாக நின்ற அதே இடத்தில் அதே திசையில் கார்த்திகையில் அடிப்பவர்கள் வாசலைக் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அன்றியும், தோப்பும் மதிலும் காற்றைத் திருப்பிவிடும் என்பதால் திசையை மாதத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு கம்பை நட்டு, இடுப்பு உயரத்தில் கிழிந்த வேட்டித் துணியின் நாடா ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, கால் மணி நேரம் பாருங்கள். நாடா ஒரே பக்கமாகப் பறந்தால் அந்த இடம் நல்லது. சுற்றிச் சுற்றி அடித்தால் அங்கே காற்று சுழல்கிறது, சில அடி தள்ளிப் போய்ப் பாருங்கள்.

முன்பந்தல் கெடும் விதத்தை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு அதன் இணைப்புதான் ஆபத்தான இடம் என்பது புரியும். காற்று வாய்ப்புறமாக நுழைந்ததும் கூரைத்துணி உப்பி மேலே எழும்புகிறது; முன்கால்கள் தரையைவிட்டு ஒரு விரற்கடை தூக்கப்பட்டு மறுபடியும் இறங்குகின்றன. ஒவ்வொரு முறை எழும்பும்போதும் ஜிப்பின் பற்களை ஒட்டிய தையல் இழுபடுகிறது. ஊசித் துளைகள் நீண்டு, இரண்டு துளைகளுக்கு நடுவே இழை விட்டுப் போகிறது. அதன் பிறகு கிழிசல் முன்பந்தலில் நிற்பதில்லை. கூடாரத்தின் வெளித்துணியையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டு போகிறது. ஆகவே முதலில் கூடாரத்தை அதன் எல்லாக் கயிறுகளோடும் தனியாக உறுதியாக நிறுத்திவிடுங்கள். பிறகு முன்பந்தலை அதற்குரிய முளைகளிலும் கயிறுகளிலும் சொந்தமாக நிற்கும்படி கட்டி, இணைப்பில் எந்தப் பாரமும் ஏறாதவாறு ஜிப்பை இறுதியில் போடுங்கள். இணைப்பு தளர்வாக இருக்கிறதே என்று அங்கே கூடுதலாகக் கயிறு போட்டு இறுக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் முன்பந்தலின் சேதத்தைக் கூடாரத்துக்கும் எழுதி வைக்கிறார்கள்.

முன்பந்தல் போட்டிருக்கும்போதும் கூடாரத்தின் உள்வாசலை மூடியே வைத்திருங்கள். பந்தல் போனாலும் உள்ளே இருப்பவர்களுக்குக் காற்றும் சாரலும் நேரே புகாது. ஆச்சியின் நாற்காலியை முன்பந்தலின் கூடாரத்தை ஒட்டிய பக்கத்தில் போடுங்கள். வெளிக்கம்பிக்கு அருகில் வேண்டாம். இரவு படுக்கப் போகும் முன், காற்றே இல்லாவிட்டாலும், முன்பந்தலைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிடுவது நல்லது. நடுநிசியில் காற்று எழுந்தால் இருட்டில் ஜிப்பைத் தேடும் நிலை வராது.

கேள்வி: ஐயா, சென்ற ஆண்டு பணகுடிக்கு அருகே முன்பந்தல் போட்டோம். இரண்டு மணி நேரம் நன்றாக நின்றது. பிறகு முளைகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டன. கூடாரத்தோடு வந்த முளைகளைத்தான் அடித்திருந்தோம். தரை இறுக்கமான செம்மண். (வள்ளியூர் வாசகி)

பதில்: கூடாரத்தோடு பையில் வரும் மெல்லிய கம்பி முளைகள், காற்றில்லாத புல்தரையில் துணியை விரித்து நிறுத்துவதற்குப் போதுமானவை. முன்பந்தலுக்கு அவை போதா. 30 சென்டிமீட்டர் நீளமாவது உள்ள இரும்பு முளைகளைக் கொல்லுப் பட்டறையில் அடித்து வாங்கிக்கொள்ளுங்கள். தலைப்பக்கம் வளைத்து, கயிறு நழுவாத கொக்கியாக இருக்கட்டும். அடிப்பதற்குத் தச்சர்கள் வைத்திருக்கும் கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியல் நல்லது. கல்லால் அடித்தால் முளை வளைவதோடு கையும் நசுங்கும்.

ஆயினும் முளையின் தரத்தைவிட அதை அடிக்கும் சாய்வே முதன்மையானது என்று கருதுகிறேன். முளையின் தலை கூடாரத்தைவிட்டு விலகிச் சாய்ந்தும், நுனி கூடாரத்தை நோக்கி மண்ணுக்குள் சென்றும் இருக்க வேண்டும். கயிறும் முளையும் சந்திக்கும் இடம் ஏறத்தாழச் செங்கோணமாக அமைய வேண்டும். செங்குத்தாக அடித்த முளையைக் கயிறு மேல்நோக்கி இழுக்கும்போது அது வந்த வழியிலேயே வெளியேறிவிடும். கயிறு தரையோடு ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் வர வேண்டும். அதற்கு, கம்பியின் உயரம் 2 மீட்டர் என்றால் கம்பியின் அடியிலிருந்து 2 மீட்டர் தொலைவில் முளை இருக்க வேண்டும். இடம் போதவில்லை, நடைபாதையில் கயிறு தடுக்கிறது என்று பலரும் முளையை நெருக்கி அடிக்கிறார்கள். அவ்வாறு நெருக்கினால் கயிறு நேர்செங்குத்தாகி, முளையைப் பிடுங்கும் வேலையைக் காற்றுக்கு எளிதாக்கிவிடுகிறது. காற்று வரும் பக்கத்து மூலைகளில் ஒரு கயிற்றுக்கு இரண்டு முளைகள் அடியுங்கள். ஒன்று தளர்ந்தாலும் மற்றொன்று தாங்கும்.

இரண்டு மணி நேரம் நின்ற பிறகு ஏன் பிடுங்கிக்கொண்டது என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. காய்ந்த செம்மண்ணும் கரிசலும் இறுகியிருக்கும்போது முளையைக் கெட்டியாகப் பிடிக்கும். காற்றில் கயிறு விட்டு விட்டு இழுக்க, முளையைச் சுற்றி ஒரு பக்கத்தில் மட்டும் பிறை வடிவில் சிறு வெடிப்பு விடும். அந்த வெடிப்பில் சாரல் நீர் இறங்கினால் மண் வழுக்கலாகி முளை நழுவத் தொடங்கும். ஆகவே மணிக்கு ஒரு முறை சுற்றி வந்து அந்த வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கண்டால் அதே துளையில் மறுபடியும் அடிக்காமல் ஒரு சாண் தள்ளிப் புதிய மண்ணில் அடியுங்கள்.

கயிற்றையும் கவனிக்க வேண்டும். பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கி முளையை இழுக்கும். நைலான் கயிறு நனைந்தால் சற்று நீண்டு தளரும். பாலியெஸ்டர் கயிறு இவ்விரண்டிலும் நிலையானது என்பதால் அதையே வாங்கச் சொல்வேன். எந்தக் கயிறானாலும் வீணை நரம்பாக முறுக்கிவிடாதீர்கள். சற்றே இளக்கம் இருந்தால்தான் வீச்சின் முதல் அடியைத் துணியும் கயிறும் பகிர்ந்துகொள்ளும்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பக்கம் தேரி மணல். உவரிக் கடற்கரையிலும் அடிக்கடி தங்குகிறோம். மணலில் எந்த முளையும் நிற்பதில்லை. முன்பந்தலை மறந்துவிட வேண்டியதுதானா? (திசையன்விளை வாசகர்)

பதில்: மறக்க வேண்டாம், மணலில் முளையைத்தான் மறக்க வேண்டும். தேரியின் செம்மணலும் கடற்கரை மணலும் மெல்லிய கம்பியைப் பிடிக்கமாட்டா. அகலமான ஒரு பொருளை ஆழத்தில் புதைத்தால் அதன் மேலுள்ள மணலின் எடை முழுவதும் நமக்குத் துணையாக வரும். வெறுமையான சிமென்ட் சாக்கு ஒன்றில் பத்து, பதினைந்து கிலோ மணலை நிரப்பி வாயைக் கட்டிவிடுங்கள். கயிற்றை அதன் நடுவில் சுற்றிக் கட்டி, கயிறு வரும் திசைக்குக் குறுக்காக முழங்கை ஆழக் குழி வெட்டி, அதில் சாக்கைப் படுக்கவைத்து மணலை மூடி மிதித்துவிடுங்கள். கயிறு மேலே வரும் வழியை மட்டும் சாய்வாகக் கீறிவிட வேண்டும். இல்லாவிட்டால் குழியின் விளிம்பில் அழுந்திக் கயிறு நேராக மேலே இழுக்கும். சாக்குக்குப் பதிலாக ஒரு முழ நீளமுள்ள உருண்டைக் கட்டையும் போதும். திரும்பி வரும்போது சாக்கைத் தோண்டி எடுத்து வந்துவிடுங்கள். மணலுக்குள் கிடக்கும் பிளாஸ்டிக் சாக்கு இழை இழையாகப் பிரிந்து கடலில் போய்ச் சேரும்.

கடற்கரையில் இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள். காலையில் நிலத்திலிருந்து வந்த காற்று, தரை சூடேறிய பிறகு கடலிலிருந்து வீசத் தொடங்கலாம். காலையில் மறைவாக இருந்த வாசல் பிற்பகலில் காற்றின் வாயாக மாறிவிடும். மேல்காற்று வலுத்த நாள்களில் இந்த மாற்றம் நிகழாமலும் போகலாம். ஆகவே கடற்கரையில் இரு பக்கமும் திறந்த, கூரை மட்டுமுள்ள முன்பந்தலே பொருத்தமானது. பக்கச் சுவர்களைச் சுருட்டிக் கட்டிவிட்டால் காற்று ஊடே போய்விடும்.

கேள்வி: கடையில் விற்கும் முன்பந்தலின் விலை எங்களால் தாங்க முடியவில்லை. கொல்லையில் கிடக்கும் தார்ப்பாயை மூங்கிலில் கட்டிக் கூடாரத்தின் முன் விரித்தால் ஆகாதா? மழைநீர் நடுவில் குளமாகத் தேங்குவதை எப்படித் தவிர்ப்பது? (கடையநல்லூர் வாசகி)

பதில்: தாராளமாக ஆகும். ஒரு விதத்தில் அது சிறந்ததும் கூட. ஏனென்றால் தனியாக நிற்கும் தார்ப்பாய் கூடாரத்தோடு தைக்கப்படாததால், அது போனாலும் கூடாரத்தைக் கிழிக்காது. காற்று வரும் பக்கத்து விளிம்பை முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்தி, மறு விளிம்பை ஆள் உயரத்தில் நிறுத்துங்கள். அப்போது காற்று கீழே புகாமல் மேலே ஏறிச் செல்லும். சாரலும் ஒரே பக்கமாக வழிந்துவிடும். நீர் தேங்குவது பெரும்பாலும் தளர்வினால்தான். ஒரு சதுர மீட்டரில் ஒரு விரற்கடை ஆழத்துக்கு நீர் நின்றாலே இருபது கிலோ எடைக்குக் குறையாது என்பதால், அதைக் கழியால் குத்தித் தள்ளிக்கொண்டிருப்பதைவிடச் சாய்வை அதிகப்படுத்துவதே தீர்வு. இருந்தும் ஒரு பக்கம் தொய்ந்தால், அந்த விளிம்பின் நடுவில் ஒரு கயிறு கட்டிக் கீழே இழுத்து முளையில் கட்டிவிடுங்கள். நீர் அந்தக் கயிற்று வழியாக இறங்கிவிடும்.

தார்ப்பாயின் உலோக வளையங்களில் நேராகக் கயிறு கட்டாதீர்கள். முதலில் பிய்வது அவைதான். மூலையில் ஒரு கூழாங்கல்லைத் துணிக்குள் வைத்து மடித்து, அதன் கழுத்தில் கயிற்றைச் சுருக்கிட்டுக் கட்டினால் துணி முழுவதும் பாரத்தைத் தாங்கும்.

தென்னை மரத்தில் கட்டலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். தென்னை காற்றில் ஆடும் மரம். அது சாயும்போது கயிறு முறுகும், நிமிரும்போது தொய்யும், அந்த வெட்டி வெட்டி இழுக்கும் இழுப்பில் தார்ப்பாய் நாள் முழுவதும் தாங்காது. அதற்கும் மேலாக, காற்றில் மட்டையும் காயும் விழும். காற்றடி காலத்தில் தென்னைக்குக் கீழே பிள்ளைகளைப் படுக்கவைப்பதை நான் எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன். தோப்பில்தான் தங்கியாக வேண்டும் என்றால், மரத்தின் உயரத்துக்கு மேலான தொலைவில் வெட்டவெளியைத் தேடுங்கள்.

கேள்வி: காற்று நிரப்பும் குழாய்களால் ஆன முன்பந்தல் கம்பி வைத்ததைவிட நல்லதா? (தென்காசி வாசகர்)

பதில்: வீச்சில் வளைந்து மறுபடியும் நிமிர்வதால் அவை முறிவதில்லை, கண்ணாடியிழைக் கம்பி முறிந்தால் கூரிய சிலாம்பு துணியைக் குத்திக் கிழிப்பதைப்போன்ற அபாயம் அவற்றில் இல்லை. ஆனால் கயிறும் முளையும் அவற்றுக்கும் அதே அளவு வேண்டும். பகல் வெயிலில் குழாயின் அழுத்தம் கூடும், இரவுக் குளிர்ச்சியில் குறையும் என்பதால் மாலையில் ஒரு முறை அழுத்தத்தைச் சரிபார்க்க வேண்டும். கண்ணாடியிழைக் கம்பியே வைத்திருப்பவர்கள் அந்தக் கம்பி உள்ளே நுழையும் அளவுக்கு ஒரு சாண் நீள உலோகக் குழாய்த் துண்டும் பலமான ஒட்டு நாடாவும் உடன் எடுத்துச் செல்லுங்கள். முறிந்த இடத்தில் செருகிச் சுற்றினால் ஊர் திரும்பும் வரை தாங்கும்.

கேள்வி: சாரலும் காற்றும் இருக்கும்போது வெளியே அடுப்பு நிற்பதில்லை. முன்பந்தலின் பக்கங்களை இறக்கிவிட்டு உள்ளே கேஸ் அடுப்பில் சமைக்கலாமா? (அம்பாசமுத்திரம் வாசகி)

பதில்: கூடாது, அம்மா. பக்கங்களை இறக்கி மூடிய முன்பந்தலில் கேஸ் அடுப்பும் கரி அடுப்பும் கார்பன் மோனாக்சைடை வெளியிடும். அதற்கு மணமோ நிறமோ இல்லாததால் தலை கனத்து மயங்கும் வரை தெரியாது. அடுப்பு அணைந்த பிறகு கனலும் கரியை உள்ளே வைத்திருப்பதும் அதே அபாயம்தான். கூடாரத் துணி பெரும்பாலும் பாலியெஸ்டரோ நைலானோ ஆனது. தீப்பட்டால் உருகிச் சொட்டும். காற்றில் உப்பிய துணி ஒரு நொடியில் அடுப்பின் மேல் வந்து படும் என்பதை மறந்துவிடாதீர்கள். கூடாரத்திலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி, காற்றின் கீழ்ப்பக்கத்தில், அதாவது காற்று போகும் பக்கத்தில், மூன்று பக்கமும் கல் அடுக்கிய மறைவில் அடுப்பை வையுங்கள். காற்று அதற்கும் இடம் தராத நாளில் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போவது போதுமானது.

கேள்வி: ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் குடில் போட்டுத் தங்குவது எங்கள் குடும்ப வழக்கம். இவ்வாண்டு கூடாரமும் முன்பந்தலும் கொண்டு செல்லலாமா? (விக்கிரமசிங்கபுரம் வாசகர்)

பதில்: கோயில் அமைந்திருப்பது 1988-இல் அறிவிக்கப்பட்ட களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள். தங்கும் நாள்கள், வாகனம், பிளாஸ்டிக் ஆகியவை பற்றி மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் திருவிழாவை ஒட்டி அறிவிப்பதைக் கேட்டறிந்த பின்னரே எதையும் கொண்டு செல்லுங்கள். அனுமதி இருந்தால், நெரிசலான இடத்தில் முன்பந்தல் வேண்டாம் என்பதே என் கருத்து. நீட்டிக் கட்டும் கயிறுகள் இருட்டில் நடப்பவர்களின் காலைத் தட்டிவிடும், காற்றில் பிடுங்கிய முளை பக்கத்துக் குடிலில் இருக்கும் குழந்தையின்மீது போய் விழும். ஆற்றை ஒட்டிய தாழ்ந்த மணலில் இடம் பிடிக்காதீர்கள். மேலே மலையில் பெய்யும் மழையும் அணையிலிருந்து திறக்கும் நீரும் கீழே இருப்பவர்களுக்கு முன்கூட்டித் தெரிவதில்லை.

கேள்வி: இரவில் திடீரென்று காற்று எழுந்துவிட்டது. முன்பந்தல் போட்டபடியே இருக்கிறது. எதை முதலில் அவிழ்ப்பது? அவசரத்தில் முன்கம்பியை எடுத்ததும் துணி முழுவதும் பட்டமாகப் பறந்து எங்களை இழுத்துவிட்டது. (நாங்குநேரி வாசகர்)

பதில்: நீங்கள் எடுத்த வரிசைதான் தவறாகப் போயிருக்கிறது. முன்கம்பியை எடுத்த உடன் பிடிப்பில்லாத துணி காற்றின் கையில் போய்விடுகிறது. கயிறுகள் அப்போது இருந்தும் பயன் தருவதில்லை. பெரியவர்கள் இருவர் இருக்க வேண்டும், ஒருவர் தனியாக முயலக்கூடாது. பிள்ளைகளைக் கூடாரத்துக்குள் அனுப்பாமல் காரில் உட்காரவையுங்கள். காரும் மரத்தடியில் நின்றிருக்கக் கூடாது.

முதலில் பக்கச் சுவர்களின் ஜிப்களைத் திறந்து, உள்ளே அடைபட்ட காற்றை மறுபுறமாக வெளியேற விடுங்கள். காற்று வரும் பக்கத்துக் கயிறுகளை இப்போது தொடாதீர்கள். அவைதான் துணியைத் தரையில் பிடித்திருக்கின்றன. ஒருவர் கூடாரத்தோடு சேரும் ஜிப்பை மேலிருந்து கீழாகத் திறந்து இணைப்பைப் பிரிக்கட்டும். அதே நேரத்தில் மற்றொருவர் முன்பந்தலின் கூரைத்துணியை உள்ளிருந்து இரு கைகளாலும் கீழே இழுத்துப் பிடித்திருக்கட்டும். இணைப்பு விட்டதும் கம்பிகளைக் காற்றின் கீழ்ப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சாய்த்து, துணியைத் தரையோடு தரையாகப் படுக்கவையுங்கள். படுத்த துணியின்மேல் ஒருவர் மண்டியிட்டு உட்கார்ந்துகொள்ள, மற்றவர் காற்றின் கீழ்ப்பக்கத்திலிருந்து காற்று வரும் பக்கம் நோக்கி அதைச் சுருட்டிக்கொண்டே வர வேண்டும். சுருட்டி முடிந்து, துணி ஒருவரின் எடைக்குள் அடங்கிய பிறகுதான் இறுதிக் கயிறுகளை முளையிலிருந்து அவிழ்க்க வேண்டும். முளைகளை எண்ணிப் பையில் போடுங்கள். இருட்டில் தரையில் விட்ட இரும்பு முளை காலையில் வெறுங்காலோடு நடப்பவருக்குக் காத்திருக்கும்.

பிறகு கூடாரத்தின் கயிறுகளை ஒரு சுற்று இறுக்கி, வாசல் ஜிப்பைத் தரைவரை மூடிவிடுங்கள். துணி நனைந்திருந்தால் சுருட்டியபடியே பையில் அடைத்து ஊருக்குக் கொண்டுவராதீர்கள். மறுநாள் வெயில் விழுந்ததும் விரித்து உலர்த்தி, இணைப்பை ஒட்டிய தையலை விரலால் தடவிப் பாருங்கள். ஊசித் துளை ஒன்று நீண்டிருந்தாலும் அடுத்த முறை விரிப்பதற்கு முன்பே தையற்காரரிடம் கொடுத்து அந்த இடத்தில் இரட்டைத் தையல் போட்டுக்கொள்ளுங்கள்.